ஒரே மூச்சில் ரெண்டு வைரஸ்

றொசல்லயில் மழை இறங்கினா லயம் முழுக்க இருமல்தான். ஒரு காம்பராவில் ஆறேழு பேர் படுக்கிற எங்களுக்குள்ள காய்ச்சலும் பங்குதான்.

1,000 ரூபாய் சம்பளம் வர்த்தமானியில் வந்த 2021லதான் கொரோனாவின் டெல்டா அலையும் வந்தது. அப்ப எல்லாரும் கேட்டது, "பொசிட்டிவ்வா, நெகட்டிவ்வா?" ஆனா பீ.சி.ஆர். சோதனை எந்த வைரஸுக்குச் செய்கிறோமோ அதை மட்டுமே காட்டும். அதே நுரையீரலில் இன்ஃப்ளுவென்ஸாவும் சேர்ந்திருந்தா தனியாகத் தேடணும். தேடுவது வீணில்லை: இன்ஃப்ளுவென்ஸாவுக்கு ஒசெல்டாமிவிர் இருக்கு, கொரோனாவுக்கு அது உதவாது. நோய் முத்தி, செயற்கைச் சுவாசத்தில் பல நாள் கிடப்பவரின் உடம்பில், வருஷக்கணக்கா தூங்கிக் கிடந்த ஹேர்பீஸ் வைரஸ்கூட எழும்பலாம்.

டிக்கோயாவில் 2017இல் திறந்த 150 கட்டில் ஆஸ்பத்திரி இருக்கு. ஆனா பேர் போயிரும்னு காய்ச்சலோட மலைக்குப் போறவங்க நாங்க. மூச்சு முட்டின பிறகுதான் ஆட்டோ தேடுவோம்.

ஒசெல்டாமிவிர் முதல் 48 மணித்தியாலத்துக்குள் தொடங்கினாத்தான் பலன் கூட. டாக்டருக்கு அது ரெண்டு நாள். எங்களுக்கு ரெண்டு பேர். காய்ச்சல்காரருக்கு அந்த ரெண்டு பேரையும் தோட்டம் கொடுக்கணும்னு கேட்பதும் வைத்தியம்தான்.