மேளம் கட்டுகிற ஆசாரியார்

தஞ்சாவூர் வீணையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதன் யாளி முகத்தையும், குடத்தின்மேல் இழைத்த சித்திர வேலையையும், அதை மடியில் ஏந்தி மேடையில் அமர்ந்த வித்வான்களையும் பற்றிப் பேசுவார்களேயன்றி, மரமும் உலோகமும் தந்தியுமாகக் கிடந்த ஒன்றுக்கு ஸ்வர ஸ்தானங்களை வகுத்துக் கொடுக்கிற கைத்தொழிலாளியைப் பற்றிப் பேசக் கேட்பது அரிது. அவரை அவருடைய இடத்திலேயே கண்டு வரவேண்டும் என்று வெகுகாலமாக எனக்கிருந்த ஆவல், தஞ்சையில் ஒரு குறுகிய சந்தில், ஓட்டு வீடு ஒன்றின் முன்கூடத்தையும் தாழ்வாரத்தையுமே பட்டறையாகக் கொண்டு தொழில் செய்துவரும் ஓர் ஆசாரியாரின் தயவால் நிறைவேறியது.

தரையெங்கும் பலாவின் மஞ்சள் தூள் படிந்திருந்தது. பண்ருட்டிப் பக்கத்து மரந்தான் வேண்டும் என்பதிலும், அதுவும் முதிர்ந்து வைரம் பாய்ந்த மரமாக இருக்கவேண்டும் என்பதிலும் அவருக்கு விட்டுக்கொடுத்தலே கிடையாது. இளமரத்தில் செய்த குடம் ஈரம் வற்றும்போது சுருங்கி, என்றேனும் ஒரு கோடையில் வாய்விட்டுப் பிளந்துவிடுமாம். வாய்ச்சியால் உருவம் திரட்டிய குடத்தை உளி கொண்டு உள்ளே குடையும்போது, வேலை செய்கிறவர் அடிக்கடி நிறுத்தி, உள்ளே ஒரு கையும் வெளியே ஒரு கையுமாக வைத்துத் தடவிப் பார்த்துக்கொள்கிறார். சுவர் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் போனால் நாதம் அடைத்துக்கொள்ளும் என்பதால், கனத்தை அளக்கக் கருவி எதையும் நம்பாமல் விரல்களையே நம்புகிறார்கள்.

குடம், தண்டி, யாளி முகம் மூன்றையும் ஒரே மரத்தில் கடைந்தெடுத்தால் ஏகாண்ட வீணை. தனித்தனியே செய்து இணைத்தால் ஒட்டு வீணை. முன்னதற்கு மதிப்பும் விலையும் அதிகம். ஆயினும் இணைப்புச் செம்மையாக அமைந்த ஒட்டு வீணையின் நாதத்தில் குறை காண்பது எளிதன்று என்று ஆசாரியார் சொன்னபோது, அதிக விலைக்கு விற்கக்கூடியவரே அப்படிச் சொல்வதைக் கேட்டு அவர்மீது எனக்கு நம்பிக்கை உண்டாயிற்று. மற்ற அலங்காரங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. முற்காலத்தில் தந்தத்திலும் மான்கொம்பிலும் பதித்த பூவேலைகள், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டங்கள் வந்தபின் பிளாஸ்டிக் தகட்டுக்கு மாறிவிட்டன; யானைக்கும் மானுக்கும் அது நன்மையே.

ஆனால் தந்திகளைத் தாங்கும் குதிரையைப் பற்றிச் சொல்லாமல் போவதற்கில்லை. மரக் குதிரையின்மேல் ஒட்டியிருக்கும் உலோகத் தகடு தட்டையானதன்று. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு வளைவு அதற்கு உண்டு. ஒரு தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தில் அசைவற்றிருக்க வேண்டிய மேல்ஸ்வரங்கள் ஒலிக்கமாட்டா என்பது மேனாட்டு சாஸ்திர விதி. தம்புராவிலும் வீணையிலும் அந்த விதி பொய்த்துப்போய் அந்த மேல்ஸ்வரங்களும் நிறைந்து ஒலிக்கின்றன என்பதையும், அதற்குக் காரணம் இந்த வளைந்த குதிரையே என்பதையும் ஸர் சி. வி. ராமன் 1921-ஆம் ஆண்டிலேயே கட்டுரையாக எழுதினார். அந்தக் கட்டுரையை அறியாத இந்த ஆசாரியார், அரத்தால் தகட்டை இரண்டு இழுப்பு இழுத்து, தந்தியை மீட்டிக் கேட்டு, மறுபடியும் ஓர் இழுப்பு இழுத்து, அதே உண்மையைத் தினந்தோறும் கையால் நிலைநாட்டிக்கொண்டிருக்கிறார்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான், மெட்டுகளை அதனதன் ஸ்வர ஸ்தானத்தில் பதிக்கும் மேளம் கட்டுதல் தொடங்குகிறது. வீணையில் 24 மெட்டுகளை நிலையாக அமைக்கும் முறை, 1600 முதல் 1634 வரை தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில் ஏற்பட்டதென்று கூறுவர். அவருடைய மந்திரி கோவிந்த தீக்ஷிதரின் குமாரர் வேங்கடமகி இயற்றிய சதுர்தண்டி பிரகாசிகையும் வீணைப் பிரகரணத்தோடுதான் ஆரம்பமாகிறது. கிட்டாரில் மெட்டுக் கம்பிகளை அளவெடுத்து அறுத்த பள்ளத்தில் அடித்து இறுக்கிவிடுவார்கள். வீணையிலோ, தண்டியின் இருபுறமும் தேன்மெழுகோடு கரித்தூள் சேர்த்துப் பிசைந்த கரிய மெழுகை வரப்புபோல் எழுப்பி, அதன்மேல்தான் மெட்டுகளைப் பதிக்கிறார்கள். வெயிலுக்கு மெழுகு இளகும், நாளடைவில் ஸ்தானம் பிசகும் என்பது வாஸ்தவமே. ஆனால் மெழுகாக இருப்பதாலேயே மெட்டை மீண்டும் எடுத்து, இன்னாருடைய விரலுக்கும் செவிக்கும் இசைய வைக்க முடிகிறது என்பதை நான் நேரில் கண்டேன்.

கும்பகோணத்திலிருந்து ஒரு தந்தையும் கல்லூரியில் படிக்கும் அவர் மகளும், தங்களுக்கென்று இரண்டரைக் கட்டை சுருதிக்குச் செய்யச் சொன்ன வீணைக்காக அன்று வந்திருந்தார்கள். தந்திகளைச் சுருதி கூட்டிக்கொண்டு, முதலில் மேல் ஷட்ஜத்துக்குரிய பன்னிரண்டாம் மெட்டை நிறுத்தினார் ஆசாரியார். அதன்பின் பஞ்சமத் தந்தியை ஐந்தாம் மெட்டில் அழுத்தினால் பிறக்கும் ஷட்ஜம், அழுத்தாமல் மீட்டிய சாரணி என்னும் முதல் தந்தியின் ஷட்ஜத்தோடு ஒன்றிப்போகும் வரையில், அந்த மெட்டைக் கட்டைவிரல் நகத்தால் தள்ளுவதும் இழுப்பதுமாக இருந்தார். தள்ளிய தூரம் என் கண்ணுக்குப் புலப்படவில்லை. இரு ஒலிகளுக்கிடையே இருந்த நடுக்கம் அடங்கியது மட்டும் செவிக்குப் புலப்பட்டது. மெட்டுகளின்மேல் செல்லும் நான்கு தந்திகளும் வெவ்வேறு பருமன் உடையவையாதலால், ஒன்றுக்குச் சரியானது மற்றொன்றுக்குச் சற்றே பிசகும். அந்தப் பிசகை மெட்டை மயிரிழை சாய்த்துத் தீர்த்தார்.

எல்லாம் முடிந்தபின், "தோடி காந்தாரத்தை நல்லா இழுத்துப் பாரும்மா" என்று அந்தப் பெண்ணிடம் வீணையைக் கொடுத்தார். அவள் இழுத்த இழுப்பில் தந்தி அடுத்த மெட்டில் உராய்ந்து கரகரத்தது. தந்தையார் பதறி, "புது வீணையாச்சே!" என்றார். "வீணை மேல தப்பில்ல சார். பாப்பா விரல் அழுத்தம் ஜாஸ்தி. அதுக்குத்தான் நேரா வரச் சொன்னேன்" என்று சொல்லிக்கொண்டே, சூடேற்றிய கம்பியை அந்த மெட்டில் வைத்து மெழுகை இளக்கி, ஒரு புறம் அழுத்தி, ஈரத்துணியால் ஒற்றி எடுத்தார். மறுமுறை இழுத்தபோது காந்தாரம் சுத்தமாக அசைந்தது.

2013-ஆம் ஆண்டில் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, பெருமைப்படவேண்டிய விஷயமே. ஆனால் அந்தப் பட்டறையில் விலை பேசக் கேட்டவரையில், மரத்துக்கும் சித்திர வேலைக்கும் பாலீஷுக்கும் பேரம் நடந்ததேயொழிய, மேளத்துக்கென்று ஒரு வார்த்தை எழவில்லை. கூலியில் அது தனியே சேர்வதில்லை என்று ஆசாரியாரும் ஒப்புக்கொண்டார். அவருடைய பிள்ளைகள் வேறு உத்தியோகம் தேடிப் போய்விட்டார்கள்; குடம் குடையக் கற்ற சீடன் ஒருவன் இருக்கிறான், அவனுக்கு இன்னும் மெழுகைத் தொட அனுமதி இல்லை. வீணை போதிக்கும் இசைக் கல்லூரிகள், மாணவர்களுக்கு மேளம் கட்டும் முறையையும் பாடமாக வைத்து, இவரைப் போன்றவர்களை உரிய சம்பளத்தோடு ஆசிரியர்களாக அமர்த்தவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். அப்படி அழைத்தால் வருவீர்களா என்று கேட்டேன். சனிக்கிழமைகளில் வரத் தடையில்லை என்றும், மெழுகு இளக்க வகுப்பறையிலேயே ஓர் அடுப்பு மட்டும் வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்.