காதுக்கு ஒரு வண்டி, தோளுக்கு ஒரு வண்டி

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் தொழிற்பேட்டையில், அடுக்குமாடிப் பட்டறை ஒன்றில் இரண்டு பழைய பிரிட்டிஷ் வண்டிகள் அருகருகே நின்றன. ஒன்று எம்ஜிபி, இருவர் மட்டும் உட்காரும் திறந்த ஸ்போர்ட்ஸ் கார். மற்றது லேண்ட் ரோவர் சீரிஸ் 3. இரண்டையும் பழுதுபார்க்கும் பெரியவர் விடியுமுன்பே ஜொகூர்பாருவிலிருந்து கடற்பாலம் தாண்டி வருகிறவர். தோட்டத்து லேண்ட் ரோவர்களில் தொழில் பழகியவர். கூடவே ஒரு தம்பி, புதுக்கோட்டைப் பக்கம், ஐடிஐ படித்தவர்.

"இதுல எது கஷ்டம் அண்ணே?" என்றேன்.

"ரெண்டும் கஷ்டந்தாம்மா. இதுக்குக் காது வேணும், அதுக்குத் தோள் வேணும்."

எம்ஜிபியின் 1,798 சிசி இஞ்சினுக்கு இரண்டு எஸ்யு கார்புரேட்டர்கள். இரண்டும் ஒரே அளவு காற்று இழுத்தால்தான் இஞ்சின் சீராக ஓடும். ஏர் ஃபில்டர்களைக் கழற்றிய பெரியவர், ஒரு ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை முன் கார்புரேட்டரின் வாயருகே பிடித்தார். பிறகு பின்னதில். திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினார். குழாய் தம்பியின் கைக்குப் போனது. மாறி மாறிக் கேட்டுவிட்டு, "பின்னாடி இன்னும் கொஞ்சம் இழுக்குதுண்ணே" என்றார் தம்பி. பெரியவர் முகம் மலர்ந்தது.

லேண்ட் ரோவர் 1948இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமானது. போருக்குப் பிந்தைய பிரிட்டனில் எஃகுத் தட்டுப்பாடு. அதனால் மேல்தகடுகளை அலுமினியக் கலவையில் செய்தார்கள். துருவே பிடிக்காத வண்டி என்று நம்பி வாங்குகிறவர்கள் உண்டு. ஆனால் அடியிலிருக்கும் சேசிஸ் எஃகு. அதன் கூட்டுக்குள் சேறும் ஈரமும் தங்கி, உள்ளிருந்தே அரிக்கும். பெரியவர் அடியில் படுத்து, சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். நல்ல இரும்பு கணீரென்றது. பின்பக்கக் குறுக்குச் சட்டத்தில் சத்தம் மொத்தென்று விழுந்தது. ஸ்க்ரூடிரைவர் சுலபமாக உள்ளே இறங்கியது. தோள் வேண்டும் என்ற வண்டியிலும் முதலில் வேலை செய்தது காதுதான்.

அந்தச் சட்டத்தை வெட்டியெடுத்துப் புதியதை வெல்டு வைக்கலாம். சேசிஸ் தனி, உடல் தனி என்பதால் லேண்ட் ரோவரைப் பகுதி பகுதியாக மீட்டுவிடலாம். எம்ஜிபிக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. கதவுக்குக் கீழே ஓடும் தகடுகளும் சேர்ந்துதான் பாரம் தாங்குகின்றன. அங்கே துருவை மறைத்துப் பட்டி பூசிப் பெயின்ட் அடித்தால் வண்டி பளபளக்கும். ஆனால் நடுவில் தொய்ந்து கதவு மூடாமல் போகும். இரண்டில் ஒன்றை வாங்க நினைப்பவர்களுக்கு நான் லேண்ட் ரோவரையே சொல்வேன். அது தன் நோயை மறைத்தாலும் மருந்துக்கு இடம் வைத்திருக்கிறது.

சிங்கப்பூரில் 1990 முதல் வாகன உரிமைச் சான்றிதழ் நடப்பில் இருக்கிறது. 10 ஆண்டில் அது காலாவதியாகும். புதுப்பிக்காவிட்டால் வண்டியைப் பதிவிலிருந்து நீக்க வேண்டியதுதான். 35 வயது தாண்டிய கார்களுக்குக் கிளாசிக் திட்டம் உண்டு, ஆண்டுக்கு 45 நாள் வரை ஓட்டலாம். ஆக, பழைய வண்டிகள் குறைவு என்பதால், பெரும்பாலான பட்டறைகளில் பாகத்தை மாற்றும் வேலையே மிகுதி; கேட்டும் தட்டியும் பழுதறியும் வேலை அருகிவிட்டது. அந்தத் தொழிலறிவு புத்தகத்தில் வருவதில்லை. இப்படி ஒருவர் பக்கத்தில் நின்றுதான் வரும்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். வேலை முடிய இரண்டு நாள் கூடினாலும் சரி, "தம்பியும் கை வைக்கட்டும்" என்று சொல்லுங்கள். அவர் கற்கும் நேரத்துக்கும் சேர்த்துக் கூலி கொடுங்கள்.