சிரிப்புக்குப் பின்னால்

எங்கள் அத்தைக்கு வயது 82. மனிதனுக்கு ஆயுசு 70 வருஷம், பெலன் இருந்தால் 80 என்று சங்கீதத்தில் கணக்குச் சொல்லியிருக்கிறது அல்லவா? "எனக்கு 80 தாண்டியாச்சு. இப்போ நடக்கிறதெல்லாம் ஆண்டவர் போட்ட கொசுறு!" என்பார் அத்தை.

"சுவரைப் பிடிச்சிட்டு நடக்கீங்களே அத்தை, கால் தள்ளாடுதா?" என்று கேட்டால், "நான் எங்க பிடிச்சேன்? சுவரு விழுந்திரக் கூடாதேன்னு தாங்கிட்டு நிக்கேன்!" என்று பதில் வரும். நாங்களும் சிரித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம்.

அந்தச் சிரிப்பில் நான் எவ்வளவு ஏமாந்திருந்தேன் என்பது போன லெந்து நாட்களில்தான் தெரிந்தது. நடு இரவில் விழித்துப் பார்த்தால் கட்டிலில் அத்தை இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன். குளியலறைத் தரையில் உட்கார்ந்திருந்தார். கூப்பிடக்கூட இல்லை. தூக்கிவிட்டபோது முழங்கையில் பழைய காயம் ஒன்று கன்றிப்போய்க் கிடந்தது.

"இது எத்தனாவது தடவை அத்தை?"

"மூணாவது" என்றார், தப்புச் செய்த குழந்தை மாதிரி. "சொன்னா கோயிலுக்குக்கூட விடமாட்டீங்க. ஒரு மூலையில உக்கார வச்சிருவீங்க. அந்தப் பயந்தான்."

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

டாக்டரிடம் காட்டினோம். எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கித் தலை சுற்றுகிறதாம். அழுத்தத்துக்குச் சாப்பிடும் மாத்திரையின் அளவைக் குறைத்தார். கட்டிலைவிட்டு இறங்குமுன் இரண்டு நிமிஷம் உட்காரச் சொன்னார். கண்ணில் புரையும் இருந்தது. குளியலறைச் சுவரில் கைப்பிடிக் கம்பி போட்டோம். போகிற வழியில் இரவு விளக்கு மாட்டினோம். இந்த வயதில் இடுப்பு எலும்பு முறிந்தால் எழுந்து நடமாடுவது பெரும்பாடு. மூன்று தடவையும் தப்பியது தேவ கிருபை.

அன்று ஜெபம் முடிந்ததும் அத்தை சொன்னார்: "பிள்ளை பிறக்கும்னு கேட்டு சாராள் சிரிச்சா. அப்புறம் பயந்துபோய், 'நான் சிரிக்கலை'ன்னா. நான் பயந்துபோயி, பயமே இல்லைன்னு சிரிச்சேன். ஆண்டவருக்கு ரெண்டும் தெரியும். ஆனாலும் அவ பிள்ளைக்கு ஈசாக்கு, அதான் நகைப்புன்னுதானே பேர் வச்சார்!"

கண் ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்ததும் என்னைத்தான் முதலில் பார்த்தார். "ஏ பிள்ள, உனக்கு எப்போ இவ்வளவு நரை வந்துது?"

"அது வந்து வருஷக்கணக்காச்சு அத்தை. உங்க புரைதான் என்னைக் குமரியா வச்சிருந்துது!"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். இந்தத் தடவை சிரிப்புக்குப் பின்னால் எதுவும் ஒளிந்திருக்கவில்லை.

எனக்கும் 46 வயது. வெள்ளெழுத்து வந்துவிட்டது. கண்ணாடி போட்டால் கிழவி என்பார்களோ என்று, வெளிச்சம் போதவில்லை என்று சாக்குச் சொல்லி, ஊசியில் நூல் கோர்க்க மகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்த வாரமே கண்ணாடி வாங்கிவிட்டேன்.

சகோதரிகளே, வீட்டுப் பெரியவர்கள் வேடிக்கை பேசினால் சேர்ந்து சிரியுங்கள். சிரித்து முடித்தபின், பக்கத்தில் உட்கார்ந்து, "எங்கேயாவது வலிக்குதா?" என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.