புல்தரையும் அக்கிராசனரும்

அன்பார்ந்த நண்பருக்கு,

லைப்சிக் நகரத்திலிருந்து எழுதுகிறவன், பாக் என்ற சங்கீத மேதை கால் நூற்றாண்டுக்கு மேல் ஊழியம் பார்த்த தாமஸ் தேவாலயத்தைப் பற்றி எழுதாமல், வெந்தயக்கீரைப் பாத்தியைப் பற்றி எழுதுகிறானே என்று நீங்கள் வியக்கக்கூடும். தேவாலயத்தைப் பற்றிப் புஸ்தகங்கள் ஏராளமாக இருக்கின்றன. பாத்தியின் கட்சியைப் பேச என்னைத் தவிர யாருமில்லை.

என் பெண்ணும் மாப்பிள்ளையும் இவ்வூர்த் தோட்டச் சங்கம் ஒன்றில் அங்கத்தினர். ரயில் பாதையை ஒட்டிய நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, இடையிடையே இடுப்புயரச் செடிவேலி வைத்து, துண்டுக்கு ஒரு மரக் குடிசையுமாக, அடுக்குமாடி வீடுகளில் வசிப்பவர்களுக்குச் சொற்பக் குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். ஜெர்மனி முழுவதிலும் இத்தகைய தோட்டங்கள் லட்சக்கணக்கில் உண்டு. இவற்றுக்கென்றே 1983-ஆம் வருஷத்தில் தனிச் சட்டமும் செய்திருக்கிறார்கள். துண்டு 400 சதுர மீட்டருக்கு மேற்படலாகாது; குடிசை, தாழ்வாரம் உட்பட, 24 சதுர மீட்டரைத் தாண்டலாகாது; அதில் நிரந்தரமாகக் குடியிருக்கும்படியான வசதி இருத்தலாகாது. சட்டம் இவ்வளவோடு நின்றாலும் சங்கம் நிற்பதில்லை. பகல் ஒன்றிலிருந்து மூன்று வரை சப்தம் கூடாதென்று வாசலில் எழுதிப் போட்டிருக்கிறது. அவரைக்குக் கொம்பு நட நான் சுத்தியலை எடுத்த க்ஷணத்தில், அடுத்த தோட்டத்துக் கிழவர் வேலிக்கு மேல் தலையை நீட்டி, வாய் திறவாமல் தம் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். நட்டநடுப் பகலில் நீங்கள் கொல்லையில் தேங்காய் உரிப்பதைக் கேட்டால் அம்மனிதர் என்ன ஆவாரோ!

இது போகட்டும். சென்ற வாரம் சங்கத்தின் அக்கிராசனரும், காரியதரிசியும், பொக்கிஷதாரரும் அளவு நாடாவோடு வந்து சேர்ந்தார்கள். வருஷத்துக்கு ஒரு முறை எல்லாத் தோட்டங்களையும் பார்வையிடுவது வழக்கமாம். நிலத்தில் மூன்றில் ஒரு பங்கிலாவது பழமும் காய்கறியும் விளைந்தாக வேண்டும் என்பது விதி. இந்நாட்டு உச்ச நீதிமன்றமே 2004-இல் அதை ஊர்ஜிதம் செய்திருக்கிறதாகையால், வாதாடுவதற்கும் இடமில்லை. காது மடலில் பென்சிலைச் செருகிக்கொண்டிருந்த அக்கிராசனர், உருளைக்கிழங்குப் பாத்தியை மண்டியிட்டு அளந்தார்; சிவப்புத் திராட்சை போன்ற ஏதோ ஒரு பழச்செடியின் நிழல் விழுந்த இடத்தைக்கூட அளந்தார். வெந்தயக்கீரைக்கு வந்ததும் மூவரும் நின்றுவிட்டார்கள். காரியதரிசி அம்மாள் அதைக் களை என்று நிச்சயித்துப் பிடுங்கக் குனிந்தபோது, என் மனைவி முந்திக்கொண்டு இரண்டு கொழுந்துகளைக் கிள்ளி அந்த அம்மாளின் உள்ளங்கையில் வைத்தாள். முகர்ந்து பார்த்து, தயங்கி, மென்று, முகத்தைச் சுளித்து, பிறகு நோட்டுப் புஸ்தகத்தில் 'காய்கறி' என்ற தலைப்பின் கீழ் அந்த அம்மாள் எழுதிக்கொண்டதைக் கண்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பூத்துவிட்ட கொத்தமல்லிக்கோ அந்த பாக்கியம் கிட்டவில்லை. பூவென்றால் பூதான் என்று தீர்ப்பாயிற்று.

ஆனால் பிரதான குற்றம் புல்தரை. பேரன் புரள்வதற்கென்று நடுவில் விட்டிருந்த பசும்புல் அளவுக்கு மிஞ்சிவிட்டதாகவும், இலையுதிர் காலத்துக்குள் அதில் ஒரு பாகத்தைக் கொத்திப் பாத்தியாக்க வேண்டுமென்றும் சொல்லிவிட்டு, கைகுலுக்கிப் போய்விட்டார்கள். குழந்தை விளையாடுவதற்குக்கூட அளவு நாடாவா என்று அன்றிரவு முழுவதும் எனக்குப் பொருமலாக இருந்தது.

மறுநாள் இதே ஊரில் உள்ள தோட்டக்காரர்களின் பொருட்காட்சிச் சாலைக்குச் சென்றேன். அங்கே என் கோபத்துக்கு ஆதாரம் கிடைத்தது. ஷ்ரேபர் என்ற வைத்தியர், நகரத்துப் பிள்ளைகள் திறந்த வெளியில் ஓடியாட வேண்டுமென்று உபதேசித்து 1861-இல் காலமானார். ஹவுஷில்ட் என்ற பள்ளித் தலைவர் 1864-இல் அவர் பெயரால் சங்கம் கண்டு, அடுத்த வருஷம் ஒரு விளையாட்டு மைதானத்தைத் திறந்துவைத்தார். தோட்டம் என்ற பேச்சே அப்போது இல்லை. பிறகுதான் கெஸல் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் மைதானத்தின் ஓரத்தில் பிள்ளைகளுக்குச் சிறு பாத்திகள் போட்டுக் கொடுத்தார். பிள்ளைகள் சலிப்படைந்து பந்தாடப் போய்விட, களையெடுக்க வந்த பெற்றோர்கள் பாத்திகளைத் தமதாக்கிக்கொண்டு வேலியும் கட்டினார்கள். ஆக, ஷ்ரேபர் பெயர் கொண்ட தோட்டங்கள் பிறந்ததே பேரன் புரளும் புல்தரையிலிருந்து!

இந்த அஸ்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டு வேலை நாளுக்குக் காத்திருந்தேன். ஒவ்வொருவரும் வருஷத்தில் இத்தனை மணி நேரம் பொது வேலை செய்தாக வேண்டும்; தவறினால் பணம் கட்ட வேண்டும். அன்று கயிறு கட்டி வேலியைக் கத்தரித்து, பாதையைச் செப்பனிட்டு, ஆளுக்கொரு தட்டில் உருளைக்கிழங்குக் கலவையை வாங்கிக்கொண்டு நீண்ட பெஞ்சியில் உட்கார்ந்தோம். (உப்பும் புளிப்பும் உண்டு, காரம் என்ற பதார்த்தத்தை இவர்கள் கேள்விப்பட்டதில்லை.) என் பெண் இடையில் அமர்ந்து எடுத்துச் சொல்ல, ஹவுஷில்டையும் கெஸலையும் அக்கிராசனர் மேல் ஏவினேன். அவர் நிதானமாக மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார்: "உங்கள் சரித்திரம் சரி. ஆனால் எங்கள் குத்தகை, காய்கறிப் பண்ணை நிலத்தின் குத்தகையைப் போல நாலு மடங்குக்கு மேல் போகக் கூடாது என்று சட்டம் காப்பாற்றுகிறது. எதனால்? இங்கே காய்கறி விளைகிறது என்பதனால். எல்லோரும் புல் வளர்த்தால் இது உல்லாசத் தோட்டம். உல்லாசத் தோட்டத்துக்கு நகரத்தில் என்ன வாடகையோ அதைக் கேட்பார்கள். பிறகு வீடு கட்டுகிறவர்கள் வருவார்கள். உங்கள் பேரன் எங்கே புரளுவான்?"

பதில் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. ஒரு முழம் புல்லை அளக்கும் மனிதன், அந்த முழத்தைக் கொண்டு முழு நிலத்தையும் காக்கிறான் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணியும் கொத்தமல்லி விஷயத்தில் எனக்குச் சமாதானமில்லை. கடிகாரக் கிழவர் அப்போது சம்பாஷணையில் புகுந்துகொண்டார். கிழக்கு ஜெர்மனி என்று தனி நாடு இருந்த காலத்தில், தோட்டக்காரர்களின் விளைச்சலை அரசாங்கமே நல்ல விலைக்கு வாங்கிக் கடையில் அதனினும் குறைந்த விலைக்கு விற்குமாம்; காலையில் கொடுத்த பழத்தை மாலையில் மலிவாகத் திரும்ப வாங்கிய சமர்த்தர்களும் உண்டென்று கண்ணைச் சிமிட்டினார். இப்போது குத்தகைக்கு ஆள் வராத துண்டுகள் சிலவற்றில் காய்கறி பயிரிட்டு, ஏழைகளுக்கு உணவு வழங்கும் தர்ம ஸ்தாபனத்துக்கு அனுப்புகிறார்கள். என் மனைவி அங்கேயும் கீரை விதைக்க உத்தேசித்திருக்கிறாள். தின்பவர்களின் கதி என்னவோ, நானறியேன்.

ஒரு விண்ணப்பம். தபாலில் விதை ஏதும் அனுப்பிவிடாதீர்கள். தாவர சுகாதாரச் சான்றிதழ் இல்லாத விதையை இந்நாட்டுக்குள் விடுவதில்லை. சங்கத்தின் கோடை விழா நெருங்குகிறது. பிள்ளைகள் காகித விளக்கேந்தி ஊர்வலம் போவார்களாம். ஒவ்வொரு வீட்டாரும் ஏதாவது பலகாரம் செய்து வர வேண்டுமாம். எங்கள் பங்குக்கு மெதுவடை என்று தீர்மானமாகியிருக்கிறது. குடிசைத் தாழ்வாரத்தில் எண்ணெய்ச் சட்டி வைக்கலாமா கூடாதா என்று என் பெண் காரியதரிசி அம்மாளுக்கு எழுதிக் கேட்டிருக்கிறாள். உளுந்து ஊறவைக்கும் நாள் வந்துவிட்டது, பதில்தான் இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள நண்பன்