மறைத்து வைத்த வருத்தம்

எங்கள் அப்பாவுக்கு 40 வயதிலேயே பிரஷர் இருந்தது. 53 வயதில் சிறுநீரகம் பழுதாகி ஊரில் காலமானார். செய்வினை என்றுகூடச் சிலர் சொன்னார்கள். அப்பாச்சியும் அதே மாதிரித்தான் போனவ என்பதை ஒருவரும் சேர்த்து யோசிக்கவில்லை. நாங்களும் யோசிக்கவில்லை.

ஜேர்மனிக்கு வந்த பின்னர், 2016இல், பெரியண்ணாவுக்கு விலாப்பக்கம் நோ. ஸ்கான் எடுத்த வைத்தியர், "குடும்பத்தில் யாருக்காவது சிறுநீரக வருத்தம் இருந்ததா?" என்று கேட்டார். அண்ணா இல்லையென்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். தங்கைக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது.

படத்தில் இரண்டு சிறுநீரகங்களும் முந்திரிகைக் குலைபோல நீர்க்கட்டிகளால் நிறைந்திருந்தன. இது பரம்பரை நோய். பெற்றாரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்கு 50 வீத வாய்ப்பு உண்டு. ஆண், பெண் என்ற வேறுபாடு இல்லை. பெரும்பாலானோருக்கு இரண்டு மரபணுக்களில் ஒன்றில் ஏற்படும் பழுதே காரணம். ஒன்றை 1994இலும் மற்றதை 1996இலும் கண்டுபிடித்தார்கள்.

கட்டி ஏன் வளர்கிறது? எங்கள் உடலில் கலங்களைப் பெருகச் சொல்லும் புரதங்கள் உள்ளன. இவை வளர்ச்சிக் காரணிகள். காயம் ஆறுவதற்கும் இவை வேண்டும். மேற்றோல் வளர்ச்சிக் காரணி அவற்றுள் ஒன்று. அதைக் கண்டறிந்த ஸ்ரான்லி கோகன் 1986இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இக்காரணி சிறுநீரகக் குழாய்களுக்குள்ளும் சிறுநீரோடு ஓடுகிறது. ஆனால் அதை ஏற்கும் ஏற்பிகள் கலத்தின் மறுபக்கத்தில், இரத்தப் பக்கமாக இருப்பதால், ஒன்றும் நடப்பதில்லை. இந்த நோயிலோ ஏற்பிகள் கட்டிநீரைப் பார்த்த பக்கத்திலும் அமைந்துவிடுகின்றன. கட்டிநீருக்குள்ளும் அதே காரணி உண்டு. ஆகவே பெருகச் சொல்லும் கட்டளை ஓய்வதில்லை.

உடலில் நீரைச் சேமிக்கும் வாசோபிரெசின் என்ற ஓமோனும் இதற்குத் துணைபோகிறது. அதைத் தடுக்கும் தொல்வாப்ரான் என்ற மருந்துக்கு ஐரோப்பாவில் 2015இல் அனுமதி கிடைத்தது. அது நோயை மாற்றாது. பொருத்தமானவர்களுக்கு வேகத்தைக் குறைக்கும். ஈரலை ஒழுங்காகச் சோதித்துக்கொண்டே எடுக்க வேண்டும். பிரஷரைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது எல்லோருக்கும் அவசியம்.

இதையெல்லாம் அறிந்த பிறகு நாங்கள் நால்வரும் உண்மையைச் சொல்லி ஸ்கான் எடுத்தோம். அண்ணாவுக்கும் தங்கைக்கும் இருந்தது. மற்ற இருவருக்கும் இல்லை. தப்பியவர்களுக்கும் அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்வதா, விடுவதா? அம்மாதான், "ஒளிச்சுக் கட்டிக் குடுக்க ஏலாது" என்றா. சொன்னோம். இரண்டு கிழமையாக அங்கிருந்து ஒரு பேச்சும் இல்லை. பிறகு மாப்பிள்ளையே தொலைபேசி எடுத்தார். "எத்தனை மாதத்துக்கு ஒருக்கால் சோதிக்க வேணும்?" என்று கேட்டார். கலியாணம் நடந்தது.

புதிதாக வந்திருக்கும் உறவுகளே, ஊரில் இருக்கும் பெரியவர்களிடம் இன்றே கேளுங்கள்: எங்கள் ஆட்கள் என்ன வருத்தத்தில், எத்தனை வயதில் போனார்கள்? அதை எழுதி வைத்திருங்கள். வைத்தியர் கேட்கும்போது மறைக்காதீர்கள். பாஷை தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிக்கொண்டு போங்கள். எங்கள் அப்பாவுக்குக் கிடைக்காத காலம் எங்கள் பிள்ளைகளுக்காவது கிடைக்கட்டும்.