எட்டா, ஒன்பதா, நாற்பத்திரண்டா?

சாந்திபத்தின் அகலமான புல்வெளிகளுக்கு இருபுறமும் நாடுகள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. பிரிட்டிஷ் ஹைகமிஷனில் 8ஆம் நம்பர் ஷூ போடும் ஒருவர், அமெரிக்கத் தூதரகத்தில் ஏறக்குறைய 9 ஆகிவிடுவார். பிரெஞ்சுத் தூதரகத்தில் அவரே 42. கால் என்னவோ ஒன்றுதான். டெல்லியின் சாணக்யபுரியில் நாட்டுக்கு நாடு மாறுவது கொள்கை மட்டுமல்ல.

பிரிட்டிஷ் கணக்கில் ஒரு நம்பருக்கும் அடுத்ததற்கும் இடைவெளி மூன்றில் ஒரு அங்குலம். ஒரு பார்லி மணியின் நீளம் என்று அந்தக் காலத்தில் வைத்த அளவு. பிரெஞ்சுக் கணக்கில் அது ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. இரண்டுமே நீளத்தைத்தான் சொல்கின்றன. அகலத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. செருப்பு கடிப்பது அங்கேதான்.

பழைய சாணக்யா தியேட்டர் இருந்த இடத்தில் இப்போது பளபளக்கும் வணிக வளாகம். அதன் அருகில் யஷ்வந்த் பிளேஸ். தோல் ஜாக்கெட், கைப்பை, ஃபர் தொப்பி என்று ரஷ்ய மொழி பேசும் வாடிக்கையாளர்களை நம்பி வளர்ந்த சந்தை இது. மோமோ வாசனையும் தோல் வாசனையும் ஒன்றாக வரும். உடம்புக்கு அளவெடுத்து ஜாக்கெட் தைத்துத் தரும் கடைகள் இங்கே உண்டு. ஆனால் ஷூ என்றால் பெட்டியில் அச்சிட்ட நம்பருக்குள் கால்தான் அடங்கிப்போக வேண்டும்.

சாணக்யபுரியிலுள்ள தமிழ்நாடு இல்லத்துக்கு ஜனவரிக் குளிரில் வந்து இறங்குபவர்களுக்கு இது புரியும். வெறுங்காலிலும் செருப்பிலும் வளர்ந்த பாதம் விரல் பக்கம் விரிந்திருக்கும். ஷூவுக்குள் அது திணறுகிறது. அகலத்துக்காக ஒரு நம்பர் கூட்டி வாங்கினால் குதிகால் கழன்று வருகிறது. சரியான நம்பர் வாங்கினால் சுண்டுவிரலில் ஆணி.

இது ஒருவர் இருவர் காலின் குறையல்ல என்பதைச் சொன்னது சென்னை அடையாறிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடெங்கும் 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை அது முப்பரிமாணக் கருவியால் அளந்தது. பொதுவாக இந்தியர்களின் பாதம் ஐரோப்பியர், அமெரிக்கர் பாதத்தைவிட அகலமானது என்று தெரியவந்தது. ‘பா’ என்ற பெயரில் 8 அளவுகள் கொண்ட இந்திய முறையை நிலையம் பரிந்துரைத்தது. வெள்ளைக்காரன் விட்டுச்சென்ற நம்பரை இத்தனை காலம் யாரும் கேள்வி கேட்காததுதான் வேடிக்கை. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தைக்கும் ஷூக்கள் ஐரோப்பியக் கால்களுக்குப் பொருந்தும்படி கப்பலேறுகின்றன.

கடி, ஆணியோடு போனால் பரவாயில்லை. சர்க்கரை நோயில் பாதம் மரத்துப்போனவருக்குச் செருப்பு கடிப்பதே தெரியாது. கொப்புளம் புண்ணாகி, புண் ஆறாமல், சில சமயம் காலையே எடுக்கும்படி ஆகிறது. இந்தப் பாடம் முதலில் தெளிவானது வேலூரில். 1946இல் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதப் புண்ணுக்குக் காரணம் சதை தானாக அழுகுவதல்ல, உணர்ச்சியற்ற இடத்தில் விழும் அழுத்தமே என்று காட்டினார். மெத்தென்ற நுண்துளை ரப்பர் வைத்த செருப்பு அதற்குப் பதிலாக வந்தது. இன்று சர்க்கரை நோயாளிகளின் கால்களையும் அதே ரப்பர் காக்கிறது.

காலைப் பார்த்து ஷூ செய்பவர்கள் டெல்லியிலேயே இருந்தார்கள். கன்னாட் பிளேஸில் கடை வைத்த சீன வம்சாவளிக் குடும்பங்கள் அவர்கள். காகிதத்தில் பாதத்தை வரைந்து, டேப்பால் சுற்றளவெடுத்து, அதற்கேற்ற மரக்கட்டையின் மேல் தோலை இழுத்துத் தைக்கும் கலை அது. சாந்திபத்தில் சீனாவுக்கும் தூதரகம் உண்டு. ஆனால் 1962 போரின்போது இந்தியாவிலிருந்த சீன வம்சாவளியினர் சுமார் 3,000 பேர் ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டார்கள். பிறகு பலர் நாட்டைவிட்டே போனார்கள். கைத்தொழிலும் அவர்களோடு கொஞ்சம் போயிற்று.

கடைக்குப் போகிறவர்கள் செய்யக்கூடியது எளிது. மாலையில் போக வேண்டும். பகலெல்லாம் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். இரண்டு பாதத்தில் பெரியதற்கு ஏற்ப வாங்க வேண்டும். நின்று, நடந்து பார்க்க வேண்டும். மரத்த கால் என்றால் போடுமுன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்ப்பது கட்டாயம். ‘போடப் போட விரிந்துவிடும்’ என்பார் கடைக்காரர். அதுவரை கடிபடப்போவது அவருடைய காலல்ல.