ஓணானின் தைமஸ், எலியின் கட்டி

மதுரைக்கு மேற்கே நாகமலையை ஒட்டிய பல்கலை நகரில், 1970-களில் வி. ஆர். முத்துக்கருப்பன் வழிநடத்திய நோயெதிர்ப்பியல் ஆய்வுக்குழு, வேலியோரங்களில் எங்கும் காணப்படும் ஓணானைத் தன் ஆய்வுக்குரிய உயிராகத் தேர்ந்துகொண்டது. செம்மறியாட்டின் சிவப்பணுக்களை ஓணானின் உடலில் செலுத்தி, அவற்றுக்கு எதிராக அது ஆன்டிபாடி என்னும் எதிர்ப்புப் புரதத்தை உருவாக்குவதை 1972-இல் பதிவுசெய்த அக்குழு, அடுத்துத் தைமஸ் சுரப்பியை ஆராய்ந்தது. மண்ணீரலில் தைமசைச் சார்ந்த பகுதிகள் எவை என்பதை ஆர். எம். பிச்சப்பனும் முத்துக்கருப்பனும் 1977-இல் வெளியிட்டனர். தைமசில் முதிரும் டி செல்களுள் பிற செல்களின் தாக்குதலை அடக்குபவற்றைக் குறிக்கும் ‘நெறிப்படுத்தும் டி செல்’ என்னும் வழக்கு அன்று நிலைபெறவில்லை. எனினும் இன்றைய புற்றுநோய் மருத்துவத்தின் பெரும் விவாதம் ஒன்றின் வேரைத் தேடிச் செல்பவர், இச்சிறு உறுப்பிடமே வந்து சேர வேண்டியிருக்கிறது.

1969-இல் ஜப்பானில் நிஷிசுக்காவும் சக்காகுராவும், பிறந்து மூன்று நாளே ஆன எலிக்குட்டிகளின் தைமசை அகற்றியபோது, பெண் எலிகளின் சூலகங்கள் சிதைந்தன. உடல் தன்னையே தாக்கியதன் விளைவு அது என்பது பின்னரே தெளிவாயிற்று. அத்தடத்தைப் பற்றிச் சென்ற சிமோன் சக்காகுச்சி, தாக்கும் செல்களை அடக்கி வைக்கும் இந்த நெறிப்படுத்தும் டி செல்களைத் தனிவகையாக 1995-இல் இனங்கண்டு காட்டினார்; அதற்கான நோபல் பரிசு, மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருடன் சேர்த்து, 2025-இல்தான் அவரை வந்தடைந்தது. முப்பது ஆண்டுகள் நீண்ட காத்திருப்பு அது.

உடலைக் காக்கும் இச்செல்கள் புற்றுக்கட்டிக்குள் திரண்டு கட்டிக்கே அரணாகிவிடுகின்றன. டி செல்லின் மேற்பரப்பில் தடையாக விளங்கும் சிடிஎல்ஏ-4 என்னும் புரதத்தை ஆன்டிபாடியால் மறித்தால் எலிகளில் கட்டிகள் கரைகின்றன என்று ஜேம்ஸ் அலிசன் குழு 1996-இல் காட்டியது. அவ்வழியில் உருவான இபிலிமுமாப் மருந்து 2011-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. தாக்கும் செல்களின் தடை நீங்குவதே மருந்தின் பயன் என்று கருதப்பட்டுவந்த நிலையில், 2013-இல் எலிகளில் வேறொரு காட்சி தென்பட்டது: கட்டிக்குள் இப்புரதத்தை மிகுதியாகத் தாங்கி நிற்பவை நெறிப்படுத்தும் செல்களே என்பதால், ஆன்டிபாடி அவற்றில் ஒட்டிக்கொள்ள, அதன் வால்பகுதியைப் பற்றிக்கொண்டு விழுங்குசெல்கள் அவற்றை அழித்துவிடுகின்றன.

மனிதரிலும் அவ்வாறே நிகழ்கிறதா என்பதில்தான் கருத்துகள் பிரிகின்றன. ஆன்டிபாடியின் வாலை இறுகப் பற்றும் மரபுவகையைக் கொண்ட மெலனோமா என்னும் தோல்புற்று நோயாளிகளுள், அழற்சியுற்ற கட்டிகளை உடையோர் மேலான பயன் பெற்றனர் என லண்டன் குழு 2018-இல் சுட்டியது. சிகிச்சைக்குப் பின்னும் மனிதக் கட்டிகளில் நெறிப்படுத்தும் செல்கள் குறையவில்லை என, பத்மனி சர்மாவும் அலிசனும் இடம்பெற்ற ஹூஸ்டன் குழு 2019-இல் மறுத்தது. விழுங்குசெல்களின் பற்றுறுப்புகள் எலியிலும் மனிதரிலும் ஒன்றல்ல என்பதை நோக்க, ஓர் உயிரில் கண்ட முடிவை மற்றோர் உயிருக்கு அப்படியே பொருத்துவதில் எச்சரிக்கை தேவை. ஓணானின் தைமசை ஓணானிலேயே ஆராய்ந்த மதுரை ஆய்வுகளின் மதிப்பும் இதனால் மேலும் விளங்குகிறது.

பிடி-1 என்னும் மற்றொரு தடையைப் பொறுத்தவரை ஆபத்து எதிர்த்திசையில் உள்ளது. அதை மறிக்கும் மருந்து நெறிப்படுத்தும் செல்களின் தடையையும் சேர்த்தே விலக்கிவிடக்கூடும். முற்றிய இரைப்பைப் புற்றுநோயில் இம்மருந்தைப் பெற்றோருள் ஏறத்தாழ 10 விழுக்காட்டினருக்கு நோய் விரைந்து பெருகியதையும், அவர்களது கட்டிகளில் பிடி-1 கொண்ட நெறிப்படுத்தும் செல்கள் பல்கியிருந்ததையும் ஜப்பானிய ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்டனர்.